நாடி பார்ப்பதுபோல்

ஹைகிரவுண்டில் ஒரு மாடி அறை.
பதினோரு பேர் வந்திருக்கிறோம்,
முட்டியும் முதுகும் பார்த்துப் பழகிய கைகளோடு.
நான் வள்ளியூரிலிருந்து முதல் பஸ்.
மேசைமேல் ஒரு ஊறுகாய் பாட்டில், மூடியில் கீறல்.
"நல்லா மூச்ச இழுத்து விடுங்க" என்று
யார் சொன்னாலும் அதில் அஞ்சு ரூபாய் போடவேண்டும்.
பயிற்சி தரும் கிரேஸ் பொன்மணி
முதல் நாளே சொல்லிவிட்டாள்:
இழுத்து இழுத்துத்தான் இவங்க இப்படி ஆனாங்க.
இன்னும் இழுக்கச் சொல்லாதீங்க.

மதியத்துக்குள் பாட்டிலில் நாற்பது ரூபாய்.
அதில் பதினைந்து என்னுடையது.
பதினோரு வருஷம் நாக்கில் குடியிருந்த வாக்கியம்
சொன்னவுடன் காலி செய்துவிடுமா?

ஜோடி ஜோடியாக உட்காரச் சொன்னார்கள்.
மேலப்பாளையம் ராபியத்து என் பின்னால் வந்து
கடைசி விலாக்களில் உள்ளங்கைகளை வைத்தாள்.
கை விரியவில்லை.
"நீங்க தோள்லதான் மூச்சு விடுதீய" என்றாள்,
சேலையில் கறை என்று சொல்லும் குரலில்,
வேறு யாருக்கும் கேட்காமல்.

எண்ணுவதற்கு ஒரு தந்திரம் உண்டு.
எண்ணப்போகிறோம் என்று தெரிந்தால் போதும்,
பெண் பார்க்க ஆள் வந்த வீடு மாதிரி
மூச்சு தன்னை ஒழுங்குபடுத்திக்கொள்ளும்.
ஆகவே மணிக்கட்டைப் பிடி.
நாடி பார்ப்பதுபோல் கடிகாரத்தைப் பார்.
ஓரக்கண்ணால் சட்டைப் பொத்தானை எண்ணு,
கழுத்துக்குழியை எண்ணு.
பொய்தான்.
பாடத்தில் இருக்கும் பொய்.

மூன்றாம் நாள் உச்சிமாகாளி வந்தார்.
பணகுடிக்காரர், காற்றாலையில் வேலை.
எண்பது மீட்டர் ஏணி ஏறி இறங்குகிறவர்.
மஞ்சப்பையில் ஈசிஜி, எக்கோ, எக்ஸ்ரே, இரண்டு ஸ்கேன்.
எல்லாவற்றிலும் நார்மல்.
அந்தச் சொல்லை அவர் வசவு மாதிரி உச்சரித்தார்.
"மனசுலதான் எல்லாம்னு அனுப்பிட்டாவ.
மனசுக்கா எளைக்கும்?
ஆடியில எங்க ஊர்ல சைக்கிள நிப்பாட்டுனா
காத்து உருட்டிட்டுப் போயிரும்.
எனக்கு ஒரு மூச்சு முழுசா கெடைக்க மாட்டேங்கு."

பதினாறு கேள்விகள்.
நடுவே மூன்று கொட்டாவி, ஏழு பெருமூச்சு.
குறித்துக்கொண்டோம்.
எப்ப முட்டும், ஏறயிலயா?
"ஏறயில ஒண்ணும் இல்ல.
ரிப்பேருக்கு எறக்கைய நிப்பாட்டுவோம் பாத்தியளா,
மேல சத்தம் அடங்கும்.
அப்பந்தான்."
அதற்குமேல் அவர் சொல்லவில்லை.
கேள்வித்தாளில் அதற்குக் கட்டமும் இல்லை.

கரண்ட் போனது.
மின்விசிறி மூன்று சுற்று சுற்றி, யோசித்து, நின்றது.
அவர் தோள்கள் காதுவரை ஏறின.
மரத்துப்போன உதட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.
என் வாய்க்குள் அந்த வாக்கியம் வந்து நின்றது.
கிரேஸ் பாட்டிலைப் பார்த்தாள்.
விழுங்கினேன்.
மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்:
"ஒங்க வீட்டு மாடியில நிண்ணா எத்தன காத்தாடி தெரியும்?"
"எண்ணுனதில்ல."
"இப்ப எண்ணுங்க."

கண்ணை மூடினார்.
கெழக்க ஏழு.
தோப்புக்குப் பின்னால ஒண்ணு பாதிதான் தெரியும்,
அதச் சேக்கணுமா?
சேருங்க.
ரயில்வே கேட்டுக்கு அங்கிட்டு நாலு,
அதுல ஒண்ணு ஆறு மாசமா ஓடல,
கியர்பாக்ஸ் போச்சு, சாமான் வரணும்...
பேச்சு நீள நீள
மூச்சு அதன்பாட்டுக்கு வெளியே போனது,
முதலாளி இல்லாத கடையில் பையன் டீ குடிக்கப் போவதுபோல்.
நான்காம் பொத்தான், வயிற்றுக்கு மேலே இருப்பது,
மெல்ல அசையத் தொடங்கியது.
இருபத்தாறு.
இருபது.
பதினேழு என்று சொல்லலாம்.

கரண்ட் வரவில்லை.
கண்ணைத் திறந்து என் கடிகாரத்தைப் பார்த்தார்.
"நாடி எப்படி இருக்கு?"
"நல்லா இருக்கு" என்றேன்.
ஒரு துடிப்பைக்கூட நான் எண்ணியிருக்கவில்லை.

பாட்டில் காசில் டீயும் உளுந்த வடையும் வந்தன.
ராபியத்து வடையைப் பிய்த்து என் கையில் வைத்தாள்.
பின்னால் நின்று அவ்வளவு நேரமும்
என்னைத்தான் எண்ணிக்கொண்டிருந்தாளாம்.
"அவருக்கு எறங்கிட்டு" என்றாள்.
"ஒங்களுக்கு இன்னும் இருபத்திரெண்டு."